ஒளிரும் மீன்கள்: அலங்கார உயிர்களின் அறவியல் பற்றிய ஒரு நோக்கு

மனிதன் விலங்குகளைப் பழக்கிய வரலாறு பெரும்பாலும் பயன்பாட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எருது உழுதது, நாய் காவல் காத்தது, பசு பால் தந்தது. கண்ணாடித் தொட்டியினுள் வளர்க்கப்படும் மீன் இவ்வரலாற்றினுள் எளிதில் அடங்குவதில்லை. அது உழுவதுமில்லை, காப்பதுமில்லை, உண்ணப்படுவதுமில்லை. பார்க்கப்படுதல் ஒன்றே அதன் தொழில். எனவே அலங்கார மீன், உயிரியலுக்குரிய பொருளாக இருக்குமளவிற்கு அழகியலுக்கும் உரிய பொருளாகின்றது. ஓர் உயிரைப் பிறர் கண்ணுக்கு விருந்தாக மட்டும் உருவாக்குதல் தகுமா என்ற அறவியல் வினாவும் அவ்விடத்திலேயே எழுகின்றது.

2003ஆம் ஆண்டின் பின்னர் இவ்வினா புதியதொரு கூர்மையைப் பெற்றுள்ளது. பிறப்புரிமையியல் முறையில் மாற்றியமைக்கப்பட்ட ஒளிரும் மீன்கள் அவ்வாண்டில் தாய்வானில் விற்பனைக்கு வந்தன. ஐக்கிய அமெரிக்காவில் அவற்றின் வருகை அவ்வாண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. இவை பற்றிய விவாதம் பெரிதும் இரு நிலைப்பாடுகளுக்குள் அடங்கிவிட்டது. ஒரு சாரார் இவை இயற்கைக்கு மாறானவை எனக் கூறி நிராகரித்தனர். மறுசாரார் தீங்கு எதுவும் நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி ஏற்றுக்கொண்டனர். இவ்விரு நிலைப்பாடுகளும் பிரச்சினையின் மையத்தைத் தொடவில்லை என்பதை இவற்றின் வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து உணரலாம்.

செய்தி சொல்லப் பிறந்த மீன்

ஒளிரும் மீனின் கதை ஜெலிமீனிலிருந்து தொடங்குகின்றது. யப்பானிய விஞ்ஞானியான ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் கடலில் வாழும் ஜெலிமீன் ஒன்றிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதமொன்றைப் பிரித்தெடுத்து 1962 இல் அறிவித்தார். நீல ஒளியை உறிஞ்சிப் பச்சை ஒளியாக வெளிவிடும் இப்புரதத்திற்கான பரம்பரையலகைப் பிற உயிர்களுட் புகுத்தினால் அவையும் ஒளிரும் என்பதை 1994 இல் மார்ட்டின் சால்பி காட்டினார். கண்ணுக்குப் புலனாகாதிருந்த உயிர்க்கலத்தின் செயற்பாடுகளைக் கண்ணாற் காண்பதற்கு இது வழிவகுத்தது. இவ்விருவருக்கும், ஒளிரும் புரதங்களின் நிறங்களைப் பெருக்கிய ரொஜர் சியென்னுக்கும் 2008ஆம் ஆண்டின் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிங்கப்பூர்த் தேசிய பல்கலைக்கழகத்தில் சியுவான் கொங் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1999 இல் இப்பரம்பரையலகைச் சீப்ரா மீனின் முளையத்துட் புகுத்தினர். அவர்களது நோக்கம் அலங்காரமன்று. நீரில் நச்சுப்பொருள் கலந்திருக்கும்போது மட்டும் ஒளிர்ந்து, மாசினை அறிவிக்கவல்ல மீனொன்றை உருவாக்குவதே அவர்களின் குறிக்கோளாக இருந்தது. எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் மீன் அம்முயற்சியின் முதற்படி மாத்திரமே. பின்னர் முருகை இனத்து உயிரியொன்றின் பரம்பரையலகைக் கொண்டு சிவப்பு மீன்களும் உருவாக்கப்பட்டன.

அந்த முதற்படியே பண்டமாயிற்று. ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரைச் சேர்ந்த யோர்க்ரவுண் ரெக்னோலொஜிஸ் என்னும் நிறுவனம் உரிமையைப் பெற்று, 'குளோபிஷ்' என்னும் வியாபாரப் பெயரில் இம்மீன்களைச் சந்தைப்படுத்தியது. சீப்ரா மீனைத் தொடர்ந்து ரெட்ரா, புலிக் கெண்டை, பெற்றா முதலிய இனங்களும் ஒளிரத் தொடங்கின. 2017 இல் ஸ்பெக்ரம் பிரான்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் ஏறத்தாழ 5 கோடி டொலருக்கு இவ்வியாபாரத்தை வாங்கிக்கொண்டது.

இம்மாற்றத்தின் தன்மை மனங்கொள்ளத்தக்கது. ஆய்வாளர் கருதிய மீனின் ஒளிக்கு ஒரு பொருள் இருந்தது. அது தான் வாழும் நீரின் நிலையைச் சொல்வதாக அமைந்திருக்கும். அந்நீரையே நம்பி வாழும் மனிதருக்கும் பிற உயிர்களுக்கும் அச்செய்தி பயன்பட்டிருக்கும். கடைக்கு வந்த மீனின் ஒளியோ எதனையும் சொல்வதில்லை. நீர் தூயதாயினும் நஞ்சாயினும் அது ஒரே விதமாக ஒளிர்கின்றது. பொருளியலாளர் கூறும் பயன்பெறுமதி மறைந்து மாற்றுப்பெறுமதி மட்டும் எஞ்சும் நிலைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

பெயர்களின் மொழி

பொருளொன்றின் சமூக இயல்பை அதற்கு இடப்பட்ட பெயர் காட்டிக்கொடுப்பதுண்டு. சீப்ரா மீன் கங்கை, பிரமபுத்திரா ஆகிய நதிகளின் படுகைகளுக்கு உரியது. மெதுவாக ஓடும் ஓடைகளிலும் வயல்சார்ந்த நீர்நிலைகளிலும் கூட்டமாகத் திரிவது. கங்கை நதியின் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹமில்ற்றன் 1822 இல் இதனை முதன்முதலாக விவரித்தார். இதன் பேரினப் பெயராகிய 'டானியோ' என்பதை நெல்வயலைச் சுட்டும் வங்கச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். அப்பெயரில் ஒரு நிலம் இருக்கின்றது. அந்நிலத்தில் வாழ்ந்த மக்களின் மொழியும் இருக்கின்றது.

சந்தையில் இம்மீனின் நிறங்களுக்கு இடப்பட்ட பெயர்களை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். நட்சத்திரத் தீச் சிவப்பு, மின்சாரப் பச்சை, பிரபஞ்ச நீலம், விண்மீன்மண்டல ஊதா, நிலவெழுச்சி இளஞ்சிவப்பு என்றவாறு அவை அமைந்துள்ளன. அனைத்தும் வானத்திலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் பெறப்பட்டவை. நீரையோ ஆற்றையோ வயலையோ சுட்டும் சொல் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. பெயர்கள் மீனை அதன் பிறப்பிடத்திலிருந்து பிரித்து, இடமற்றதொரு விந்தையாக்கிவிடுகின்றன. இதற்கிசையவே நீலவொளி விளக்குகளும், ஒளிரும் பிளாஸ்டிக் தாவரங்களும், சாயமூட்டிய கற்களும் மீனுடன் சேர்த்து விற்கப்படுகின்றன. இங்கு சூழலுக்கேற்ப மீன் அமையவில்லை. மீனின் நிறத்திற்கேற்பச் சூழல் அமைக்கப்படுகின்றது.

வேதனை பற்றிய வாதம்

இம்மீன்களை ஆதரிப்போரின் முதல் வாதம் வலிமையானது. நிறம் பிறப்போடு வருவது; எனவே மீனுக்கு அதனால் வேதனை இல்லை என்பர். இதனோடு ஒப்பிடுவதற்கு அவர்கள் பழைய வழக்கமொன்றைக் காட்டுவர். உடல் ஒளிபுகவல்ல கண்ணாடி மீன்களுக்கு ஊசி மூலம் சாயமேற்றி, பல நிறங்களில் விற்பது அலங்கார மீன் வியாபாரத்தில் நெடுங்காலம் நிலவியது. அச்சாயம் சில மாதங்களில் மங்கிவிடும். மீனின் துன்பமும் நோயுமே எஞ்சும். பிரித்தானியாவில் மீன் வளர்ப்போருக்கான சஞ்சிகையொன்றே இதற்கெதிராக இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. ஊசியினும் பரம்பரையலகு கருணையுடையது என்பதை மறுத்தல் இயலாது.

இரண்டாவது வாதம் முதலாவதன் தொடர்ச்சியாகும். பொன்மீனைச் சீனர் பல நூற்றாண்டுகளாகத் தெரிவுமுறை இனப்பெருக்கத்தால் மாற்றிவந்துள்ளனர். கண்களின் கீழ் நீர்ப்பைகள் தொங்கும் பொன்மீன், முதுகுச்செட்டையின்றித் தடுமாறி நீந்துகின்றது. மேல்நோக்கியே நிலைத்த கண்களையுடைய இன்னொன்று தன் எதிரிலுள்ள இரையைக் காணத் திணறுகின்றது. இவற்றை உருவாக்க எந்த ஆய்வுகூடமும் தேவைப்படவில்லை. ஒளிரும் சீப்ரா மீனோ தன் மூதாதையைப் போன்றே நீந்துகின்றது, உண்கின்றது, முட்டையிடுகின்றது. அவ்வாறாயின் எது கொடுமை என அவர்கள் வினவுவர்.

இவ்வினாவை எதிர்கொள்ளாது இயற்கை என்ற சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்வது நேர்மையாகாது. பரம்பரையலகு மாற்றமே குற்றமெனின், இன்சுலின் சுரக்கும் பற்றீரியாவும் குற்றமாதல் வேண்டும். ஆனால், பொன்மீனைக் காட்டி ஒளிரும் மீனை நியாயப்படுத்துவோர் கவனிக்கத் தவறுவதொன்றுண்டு. ஒரு தவறு பழைமையானது என்பதனால் புதியதொன்று சரியாகிவிடாது. பொன்மீன் பற்றிய வாதம் ஒளிரும் மீனை விடுவிப்பதற்குப் பதிலாகப் பொன்மீனையும் அதே விசாரணைக்குக் கொண்டுவருகின்றது.

மேலும், நிறத்தால் வேதனையில்லை என்பதும் மீனுக்கு வேதனையில்லை என்பதும் ஒன்றல்ல. மழைவில் திரவுற்று என்னும் மீனில் வேதனையைத் தூண்டும் காரணிகளை உணரவல்ல நரம்பு முனைகள் உள்ளமையை லின் சினெடனும் உடனாய்வாளரும் 2003 இல் வெளியிட்டனர். மீன் வேதனையை உணர்வுபூர்வமாக அனுபவிக்கின்றதா என்பதில் உயிரியலாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. எனினும் ஐயம் நிலவும் இடத்தில் அதன் பயனை வலியோனுக்கு அளிப்பதா, எளியோனுக்கு அளிப்பதா என்பது அறவியல் தீர்மானமே. கூட்டமாக நீந்தும் இயல்புடைய மீனொன்றை ஒளிரும் பொம்மையெனக் கருதிச் சிறு கிண்ணத்தில் தனியே இடுபவர், பரம்பரையலகை மாற்றியவரினும் அதிக துன்பம் விளைவிக்கக் கூடும். பண்டமெனப் பெயர்பெற்ற உயிர் பண்டமாகவே நடத்தப்படும்.

ஆபத்து பற்றிய வாதம்

2003 டிசெம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் இம்மீன்களை ஒழுங்குபடுத்துவதில்லை எனத் தீர்மானித்தது. இவை உண்ணப்படுவனவல்ல, மாற்றப்படாத சீப்ரா மீன்களிலும் கூடுதலான ஆபத்தை இவை சுற்றாடலுக்கு ஏற்படுத்தும் என்பதற்குச் சான்றில்லை என்பனவே அதன் காரணங்கள். விரைந்து வளரும் சமன் மீனை அதே நிறுவனம் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2015 இலேயே அனுமதித்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது. மனிதனின் வயிற்றுக்குட் செல்லும் மீனுக்கு நீண்ட விசாரணை. அவன் வரவேற்பறையில் இருக்கும் மீனுக்கு விசாரணையே இல்லை.

விஞ்ஞானச் சான்றுகள் ஆரம்பத்தில் இத்தீர்மானத்திற்குச் சார்பாகவே அமைந்தன எனலாம். பேர்டியூ பல்கலைக்கழகத்தார் 15 தலைமுறைகளில் 18,500 இற்கு மேற்பட்ட மீன்களை அவதானித்து 2015 இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். துணைதேடும் போட்டியில் இயல்பான ஆண்மீன்கள் ஒளிரும் ஆண்மீன்களை வென்றன. சிவப்புப் பரம்பரையலகு ஏறத்தாழ எல்லாக் குழுக்களிலிருந்தும் மறைந்தது. புளோரிடாவில் நிகழ்ந்த ஆய்வுகளில், இரைகௌவி மீன்கள் சிவப்பு மீன்களையே கூடுதலாக உண்டன. நிறம் அவற்றுக்குப் பாதகமாகவே அமைந்தது. ஆகவே தப்பிச்செல்லும் மீன் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது.

பிறேசிலின் ஓடைகள் இந்நம்பிக்கைக்கு வேறு விடை அளித்தன. மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் முரியாயே பிரதேசம் அலங்கார மீன் பண்ணைகளுக்குப் பேர்பெற்றது. அப்பண்ணைகளிலிருந்து தப்பிய பச்சை, சிவப்பு மீன்கள் பரயிபா டோ சுல் ஆற்றுப்படுகையின் ஓடைகளில் வாழ்ந்து பெருகுவதை அந்நாட்டு ஆய்வாளர் 2022 இல் வெளியிட்டனர். அவை ஆண்டு முழுவதும் இனம்பெருக்கின. உள்நாட்டுப் பூச்சிகளையும் அல்காக்களையும் நுண்விலங்குகளையும் உண்டன. அவற்றின் விற்பனையை அந்நாடு 2017 இலேயே தடைசெய்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சட்டம் கடையை மூடியது. ஓடையை மூட அதனால் இயலவில்லை.

ஆய்வுகூடத்து முடிவு பிழையென்று இதனாற் கொள்ளுதல் கூடாது. பேர்டியூ தொட்டிகளில் ஒளிரும் மீனை வெல்வதற்கு இயல்பான சீப்ரா மீன் இருந்தது. புளோரிடாவில் அதனை உண்பதற்கு இரைகௌவி இருந்தது. பிறேசிலின் சிற்றோடைகளிலோ இயல்பான சீப்ரா மீன் பூர்வீகமாக வாழ்ந்ததில்லை. அதனை உண்பனவும் அரிதாகவே இருந்தன. மாற்றப்படாத மீனிலும் கூடுதலான ஆபத்தில்லை என்ற கூற்றின் குறைபாடு இங்கேயே வெளிப்படுகின்றது. கங்கைப் படுகையின் மீன், மாற்றப்பட்டதாயினும் மாற்றப்படாததாயினும், மினாஸ் ஜெராயிசில் அந்நியமானதே. ஒப்பீட்டுக்குத் தெரிவுசெய்யப்பட்ட அளவுகோலே வினாவை மறைத்துவிட்டது.

இவ்வனுபவம் இலங்கைக்கும் அந்நியமானதன்று. அலங்கார மீனாகக் கொண்டுவரப்பட்ட சித்தலா என்னும் கத்தியுருவ மீனும், தொட்டியைத் துப்புரவாக்குவதெனக் கருதி வளர்க்கப்பட்ட கவச உடல் மீனும் இந்நாட்டு நீர்நிலைகளில் இன்று நிலைபெற்றுள்ளன. அவை எவ்விதப் பரம்பரையலகு மாற்றத்திற்கும் உட்பட்டவையல்ல. வளர்ப்போரின் அலட்சியமே அவற்றைப் பரப்பியது.

விழுமியம் பற்றிய வினா

ஒளிரும் மீன் பற்றிய தீர்மானங்களுட் கலிபோர்னியாவினது தனித்து நோக்கற்பாலது. 2003 டிசெம்பர் 3 ஆம் திகதி அம்மாநிலத்தின் மீன், வேட்டை ஆணைக்குழு, மாற்றப்பட்ட மீன்களுக்கு எதிரான தன் விதியிலிருந்து இம்மீனுக்கு விலக்களிக்க மறுத்தது. ஆணையாளர் ஒருவர், தமக்கு இது விஞ்ஞானம் பற்றிய வினாவன்று, விழுமியம் பற்றிய வினா என வெளிப்படையாகவே கூறினார். அக்கூற்று பலரது ஏளனத்திற்குள்ளாயிற்று. 2015 இல் அத்தடையும் நீங்கியது. எனினும் இவ்விவாதம் முழுவதிலும் வினாவைச் சரியாக இனங்கண்ட குரல் அதுவே எனல் மிகையாகாது. ஆபத்து எவ்வளவு என்பதை விஞ்ஞானம் கூறலாம். எதற்காக அவ்வாபத்தை ஏற்பது என்பதை அது கூறாது. நோயைத் தீர்க்கவோ மாசினை அறியவோ சிறிதளவு ஆபத்தை ஏற்பதற்கும், வரவேற்பறையின் நிறத்திற்காக அதனை ஏற்பதற்கும் உள்ள வேறுபாடு அளவுசார்ந்ததன்று.

கலையுலகில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பிறேசிலிற் பிறந்த கலைஞரான எடுவார்டோ காக், பிரெஞ்சு ஆய்வுகூடமொன்றின் பச்சை ஒளிர்வு முயலொன்றைத் தமது கலைப்படைப்பென 2000ஆம் ஆண்டில் அறிவித்தார். 'அல்பா' எனப் பெயரிடப்பட்ட அம்முயலை வீட்டுக்குக் கொண்டுசென்று குடும்பத்தோடு வளர்ப்பதும் அப்படைப்பின் ஒரு பகுதியென அவர் கூறினார். ஆய்வுகூடம் முயலைக் கையளிக்கவில்லை. உயிரைக் கலைப்பொருளாக்கியமைக்காக அவரைக் கண்டித்தோர் பலர், அக்கண்டனத்தில் நியாயமுமுண்டு. ஆயினும், உருவாக்கப்பட்ட உயிருக்குப் பராமரிப்புக் கடனும் உறவும் உண்டென்பதை அவர் ஏற்றிருந்தார். அம்முயலுக்கு ஒரு பெயரும் இருந்தது. கடைத்தொட்டியின் மீனுக்கு இருப்பது வியாபாரப் பெயர் மட்டுமே. அதனை வாங்குவோர் வேண்டுமென்று இனம்பெருக்குவதும், அதன் குஞ்சுகளை விற்பதோ கைமாற்றுவதோ தடைசெய்யப்பட்டவை. மீனை வாங்கியவர் அதன் சந்ததியை வாங்கியவராகார். இன்னும் பிறவாத தலைமுறைகளும் நிறுவனத்தின் உரிமைக்குட்பட்டவை. பொன்மீனை வளர்த்த சீனர் எவரும் இத்தகைய உரிமையைக் கோரியதில்லை. பழைய அலங்கார மீனுக்கும் புதியதற்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு ஒளியில் இல்லை, இவ்வுடைமையிலேயே உள்ளது.

சங்க இலக்கியம் போற்றும் பேகன், மயிலொன்று குளிரால் வருந்துகின்றதெனக் கருதி அதற்குத் தன் போர்வையை ஈந்தான். மயிலுக்குப் போர்வை தேவையில்லை என்பதை அவனைப் பாடிய புலவரும் அறிவர். அவன் செயலை மடமை எனப் பகுத்தறிவாளர் கூறவும் கூடும். ஆயினும் அம்மடமையின் அடியில் ஓர் அறவியல் நிலை உண்டு. மயிலுக்கு என்ன நேர்கின்றது என்ற வினா அவன் உள்ளத்தில் எழுந்தது. ஒளிரும் மீனுக்கும் அது வேண்டாத போர்வையொன்று அளிக்கப்பட்டுள்ளது. அப்போர்வையை அளித்தவர் எவரும் மீனுக்கு என்ன நேர்கின்றது என வினவவில்லை. பார்ப்பவருக்கு அது எவ்வாறு தோன்றும் என்றே வினவினர். இவ்விரு வினாக்களுக்கும் இடைப்பட்ட தூரமே இப்பிரச்சினையின் முழு அளவாகும்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். பரம்பரையலகு மாற்றம் என்னும் நுட்பம் தன்னளவில் கண்டிக்கத்தக்கதன்று. எந்நோக்கத்திற்கு அது ஏவலாகின்றது என்பதே வினா. பார்க்கப்படுவதற்காகவே ஆக்கப்பட்டு, சந்ததியையும் பிறர் உடைமையாகக் கொண்டு, சலித்தவிடத்து மாற்றீடு செய்யப்படும் உயிர் அறவியலால் ஏற்கத்தக்கதன்று. இவ்வளவுகோல் ஒளிரும் மீனுக்கும், நீர்ப்பைக் கண் பொன்மீனுக்கும், சாயமேற்றிய கண்ணாடி மீனுக்கும் ஒருங்கே பொருந்தும். ஒளிரும் மீனை மட்டும் கண்டித்து ஏனையவற்றை வீட்டில் வைத்திருப்போரின் அறச்சீற்றம் முழுமையானதன்று.

எனினும் ஏற்கெனவே பிறந்துவிட்ட மீன்கள் இக்குற்றத்திற் பங்காளிகளல்ல. அவற்றை வளர்ப்போருக்குரிய கடமைகள் தெளிவானவை. போதிய இடமும், தன்னினத் துணையும், பகலும் இரவும் முறையாக மாறும் ஒளியும் அவற்றுக்கு அளிக்கப்படல் வேண்டும். எக்காரணங் கொண்டும் அவை ஓடையிலோ குளத்திலோ வாய்க்காலிலோ விடப்படலாகாது. விடுதலை என எண்ணி விடப்படும் மீன் அந்நீரின் ஏனைய உயிர்களுக்குத் தண்டனையாகலாம். அவை இயல்பாக இறக்கும் வரை பேணப்பட்ட பின்னர், அத்தொட்டிக்கு இன்னொன்றை வாங்காதிருத்தலே தகும். சந்தை கேள்விக்கே செவிசாய்க்கும். கேள்வி குன்றுமிடத்து உற்பத்தியும் குன்றும்.

மாசுற்ற நீரில் மட்டும் ஒளிரும் மீனொன்று ஆக்கப்படல் வேண்டுமென்பதே 1999 இல் சிங்கப்பூர் ஆய்வாளரின் நோக்கமாயிருந்தது. ஆறுகளும் குளங்களும் ஆலைக்கழிவாலும் விவசாய நஞ்சாலும் மாசுறும் காலமிது. இக்காலத்திற்குத் தேவைப்பட்ட மீன் அதுவே. கடைகளுக்கு வந்ததோ எந்நீரிலும் ஒரேவிதமாக ஒளிரும் மீன். அறிவு எவ்வழிச் சென்றிருக்கலாம், எவ்வழிச் சென்றது என்பதற்கு இம்மீனே சான்றாக நிற்கின்றது.